பனியன் துணியா, பாப்ளினா?

மகள்: அகலவாக்குல இழுத்துப் பாருங்கப்பா.

அப்பா: இழுத்தேன்... நல்லா நீளுது.

மகள்: விடுங்க. பழையபடி சுருங்குதா?

அப்பா: சுருங்குது.

மகள்: அப்ப அது பின்னல் துணி. கண்ணி கண்ணியாக் கோத்தது. பனியன், டி-ஷர்ட் எல்லாம் இதுதான். இப்ப இந்தப் பாப்ளினை இழுங்க.

அப்பா: அசைய மாட்டேங்குது. உங்க அத்தை மாதிரி.

மகள்: அத்தை காதுல விழப்போகுது... இது நெசவுத் துணி. பாவு நூல் நீளத்துக்கு ஓடும், ஊடு நூல் குறுக்கே போகும். மூலைக்கு மூலை இழுத்தா மட்டும் கொஞ்சம் இளகும்.

அப்பா: அத்தை அதுக்கும் இளக மாட்டா.

மகள்: சரி, திடீர்னு எதுக்குப்பா தையல்?

அப்பா: ரிடையர் ஆகி வீட்ல உட்கார்ந்தாச்சு. பொழுது போகணும்ல.

மகள்: உங்களுக்குத் தைக்கவா?

அப்பா: இல்ல... பொதுவா... லேடீஸ் சட்டை ஒண்ணு.

மகள்: எனக்கா?

அப்பா: உனக்கு நீயே தைச்சுக்குவ. இதையே கடையா வச்சு நடத்துறவ.

மகள்: அப்ப யாருக்கு?

அப்பா: சும்மா பழகறதுக்கும்மா. தைச்சு ஹேங்கர்ல மாட்டி வச்சுட்டுப் போறேன்.

மகள்: சரி. அளவு?

அப்பா: உன்னைவிடக் கொஞ்சம் குட்டை.

மகள்: ஹேங்கரா?

அப்பா: ...அதான் பனியன் துணின்னு யோசிச்சேன். அளவு முன்னப்பின்ன இருந்தாலும் உடம்புக்கு ஒத்துப்போயிடும்ல?

மகள்: போகும். ஆனா புதுசாத் தைக்கிறவங்களைப் படுத்தி எடுத்துடும். வெட்டினதும் ஓரம் சுருண்டுக்கும். முனை மழுங்கின ஊசி போடலைன்னா ஓட்டை விழும். சாதாரண நேர்த்தையல் போட்டீங்கன்னா, கையைத் தூக்கினதும் நூல் பட்டுனு அறுந்துடும்.

அப்பா: ஐயோ... கடையில அத்தனை பேர் முன்னாடி அறுந்தா...

மகள்: எந்தக் கடையில?

அப்பா: ஏதோ ஒரு கடை. பேச்சுக்குச் சொன்னேன்.

மகள்: பாப்ளினே எடுங்க. பிசிறு வரும், ஓரத்தை மடிச்சு அடிச்சாப் போதும். அளவு மட்டும் சரியா இருக்கணும்.

அப்பா: அதைத்தான் கேட்க முடியாதே...

மகள்: ஹேங்கர்கிட்டயா?

அப்பா: நீ ஒருத்தி...

மகள்: அதுவும் இல்லாம, அவங்களுக்கு உடம்போட ஒட்டுற துணி ஆகாதுப்பா.

அப்பா: யாருக்கு?

மகள்: இந்தக் கத்தரியை எங்க வச்சேன்...

அப்பா: யாருக்கு ஆகாது?

மகள்: நம்ம வீட்டுக்குக் கீழயே மருந்துக்கடை இருக்கு. நீங்க ரெண்டு தெரு தாண்டிப் போய்த் தலைவலி மாத்திரை வாங்கறீங்க.

அப்பா: அங்க... நல்ல மாத்திரையா இருக்கும்.

மகள்: உங்களுக்குத் தலைவலியே வராதேப்பா.

அப்பா: உங்கம்மா போனப்புறம்... நீ என்ன நினைப்பியோன்னு...

மகள்: நினைச்சு முடிச்சாச்சு. ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல. அப்புறம் இறங்கிடுச்சு.

அப்பா: அவங்ககிட்ட நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லலம்மா. சட்டையைக் கையில கொடுத்துட்டுச் சொல்லலாம்னுதான்... மறுத்துட்டாலும் சட்டையாவது அவங்ககிட்ட இருக்கட்டும்னு... அது சரி, உனக்கு எப்படித் தெரியும்?

மகள்: வலது தோளைக் கொஞ்சம் இறக்கி வெட்டுங்க, அவங்களுக்கு அந்தப் பக்கம் சரிவு. போன வாரம் துணி தைக்கக் கொடுக்க வந்தாங்க. நான் அளவு எடுத்து முடிக்கிற வரைக்கும் பேசாம நின்னுட்டு, "உங்கப்பா எப்பம்மா வாயைத் திறப்பாரு?"ன்னு என்னையே கேட்டாங்க.