டோலக்கு இல்லாத ஒரு நிமிடம்

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் எங்கள் ஷேர் ஆட்டோ நின்றுவிட்டது. எதிர் சீட்டில் இருந்த கானா பாடகர் தன் தோஸ்திடம் ஒரு பென்டிரைவை நீட்டினார்.

"மாமு, இதுல பாடாம சும்மா நின்னதுக்கும் அதே எடம்தான் புடிச்சிக்கினு கீது."

"இன்னா சொல்ற?"

"செத்துப்போன நம்ம அந்தோணிக்கு கானா ரெகார்டிங் பண்ணோம்ல? பாட்டுல அவன் எப்பவும் டோலக்கு வாசிக்கிற எடம் வந்துச்சு. அதுல வேற ஆளு கைவைக்கக் கூடாதுன்னு ஒரு நிமிசம் அல்லாரும் கம்முனு நின்னோம். மைக்கையும் ஆஃப் பண்ணியாச்சு, ரெகார்டிங் மட்டும் ஓடிக்கினு இருந்துச்சு."

"சர்தான்."

"பாடுன நிமிசம் பத்து எம்பி. கம்முனு நின்ன நிமிசமும் பத்து எம்பி! ஸ்டுடியோகாரரைக் கேட்டேன். இது வேவ் ஃபைலு, எம்பி3 பாட்டு மாரி எதையும் சுருக்காதாம். செகண்டுக்கு நாப்பத்தி நாலாயிரம் தபா சத்தத்தை அளந்து எழுதுமாம்."

"சத்தமே இல்லாங்காட்டி?"

"அப்பவும் வுடாது மாமு. இல்ல, இல்லன்னு எழுதும். சைபர் சைபரா, அதே நாப்பத்தி நாலாயிரம் தபா."

தோஸ்து பென்டிரைவை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"அந்த நிமிசத்த வெட்டிடவான்னு ஸ்டுடியோகாரரு கேட்டாரு. கைவைக்காதீங்க சார்னுட்டேன்."

லாரிகள் நகர்ந்தன. ஆட்டோ கிளம்பியது.

"அந்தோணி உசுரோட வந்து வாசிச்சிருந்தா எவ்ளோ எடம் புடிச்சிருப்பான்?"

"அதே எடம்தான் மாமு."