தாஹிர் அவர்கள் சுமந்த மூவாயிரத்து இருநூறு ரூபாய்

தலைமை தாங்கும் பெரியவர் சிவகுருநாதன் அவர்களே, மேடையிலும் வாங்குகளிலும் அமர்ந்திருக்கும் அன்பர்களே, கிண்ணியாவிலிருந்து வந்திருக்கும் தாஹிர் குடும்பத்தாரே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கமும் ஸலாமும்.

நம்மை விட்டுப் பிரிந்த மர்ஹூம் ஜனாப் தாஹிர் அவர்களைப் புகழ்ந்து பேச என்னை அழைத்தீர்கள். புகழ வாய் இருக்கிறது, தகுதி இருக்கிறதா? கேட்டபின் நீங்களே சொல்லுங்கள்.

துறைமுகத்து ஓரத்திலிருக்கும் நமது கடலாய்வு நிலையத்துக்கு நான் பொறுப்பாளராக இருந்தேன். தாஹிர் அவர்கள் கணக்கும் கடிதங்களும் பார்த்த பிரதம இலிகிதர். எழுபத்து நான்காம் ஆண்டு கொட்டியார்க் குடாவில் இறால்கள் செத்துக் கரை ஒதுங்கின. மூதூரிலும் கட்டைபறிச்சானிலும் மீனவர்கள் வலையைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். காரணம் கண்டறிய அரசாங்கம் எங்களுக்கு ஆராய்ச்சிப் பணம் தந்தது. எந்தச் செலவுக்கு எவ்வளவு என்று தலைப்புத் தலைப்பாகப் பிரித்தே தந்தது.

ஐப்பசியில் எங்கள் படகின் எஞ்சின் உடைந்தது. திருத்துவதற்கென ஒதுக்கிய பணம் ஏற்கெனவே முடிந்திருந்தது. மைக்ரோஸ்கோப் எனும் நுணுக்குக்காட்டி வாங்க ஒதுக்கிய மூவாயிரத்து இருநூறு ரூபாய் மட்டும் அப்படியே கிடந்தது.

“அதை எடுத்து எஞ்சினைத் திருத்துங்கோ” என்றேன்.

“ஏலாது சேர். ஒரு தலைப்புக்குத் தந்த காசை மற்றதுக்கு எடுக்கிறதெண்டா முதல்ல எழுத்தில அனுமதி வேணும். இண்டைக்கே கடிதம் அடிக்கிறன். நானே கொழும்புக்குக் கொண்டு போறன்.”

“அனுமதி வாறதுக்குள்ள மாரி வந்திடும். மகாவலி வெள்ளம் குடாவுக்குள்ள விழுந்தா ஆராயிறதுக்கு என்ன மிஞ்சும்? பொறுப்பு என்ர. நீங்கள் கையெழுத்தைப் போடுங்கோ.”

“அப்ப அதை எழுதித் தாங்கோ, சேர்.”

“என்ர வாய்ச்சொல்லை நம்பமாட்டீங்களோ?”

நம்பினார்! அவர் செய்த பிழை அது ஒன்றுதான்.

எஞ்சின் ஓடியது. ஆய்வு நிறைவேறியது. அறிக்கை என் பெயரில் வந்தது. பாராட்டும் எனக்கே வந்தது. அடுத்த வருடம் கணக்காய்வாளர்கள் ஒரு விசாரணை அதிகாரியோடு வந்தார்கள். எங்கள் இருவரையும் ஒரே மேசையில் இருத்தி, காசை மாற்றச் சொன்னது யார் என்று கேட்டார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“காசு விதியெல்லாம் எனக்கு விளங்காது. இலிகிதர்தான் பார்த்தவர்.”

தாஹிர் அவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு விசாரணை அதிகாரியிடம், “கையெழுத்து என்ர தான், சேர்” என்றார்.

அந்தத் தொகை முழுவதையும் அவருடைய சம்பளத்திலிருந்து மாதம் நூறு ரூபாயாக வெட்டினார்கள். முப்பத்திரண்டு மாதங்கள்! அவரை மன்னாருக்கும் இடமாற்றினார்கள். அவருடைய இளைய மகள் பிறந்ததை அவர் தந்தியில்தான் அறிந்தார். நானோ அதே கதிரையில் இருந்தேன்.

எழுபத்தெட்டில் திரும்பி வந்தார். வந்த முதல் நாளே, தம் கைப்பட எழுதிய எட்டுப் பக்கங்களை என் மேசையில் வைத்தார். ஆராய்ச்சிப் பணத்தை எதற்குச் செலவிடலாம், எதற்குக் கூடாது, மீதியை எப்போது அரசாங்கத் திறைசேரிக்குத் திருப்ப வேண்டும் என்றெல்லாம் தெளிவான தமிழில் எழுதியிருந்தார். அவசரமென்றால் தந்தியிலேயே அனுமதி கேட்கலாம், மூன்று நாளில் பதில் வரும் என்றும் அதில் இருந்தது. மூன்று நாள் பொறுத்திருந்தால் போதுமே, சபையோரே! அந்த மூன்று நாளை நான் அவருக்குக் கொடுக்கவில்லையே!

“விளங்காது எண்டு சொன்னீங்க, சேர். இனி அப்பிடிச் சொல்லத் தேவை வராது” என்றார்.

அது கோபமா? மன்னிப்பா? கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இனிக் கேட்கவும் ஏலாது.

நடந்ததையெல்லாம் எழுதி, நேற்று முன்தினம் நிலையத்தின் மேலிடமான திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டேன். அந்தப் பணத்தை என் ஓய்வூதியத்தில் பிடித்து அவருடைய குடும்பத்துக்குக் கொடுக்கும்படி கேட்டிருக்கிறேன். கடிதத்தின் பிரதியோடு நேற்றுக் கிண்ணியாவுக்குப் போனேன். கணவரை இழந்தபின் தனித்திருந்து இத்தா காக்கும் அவருடைய மனைவி ஸுல்பிகா அவர்கள் திரைக்குப் பின்னாலிருந்து, மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வாசித்து முடிந்ததும்,

“அவர் இருக்கக்குள்ள எழுதியிருந்தா, அவரே வாசிச்சிருப்பாரே” என்றார்.

பிரதியை மகளின் கையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

அன்பர்களே, தாஹிர் அவர்களின் எட்டுப் பக்கங்களையும் அவர் பெயரோடு அச்சிட்டு, நிலையத்துக்கு வரும் ஒவ்வோர் ஆய்வாளர் கையிலும் கொடுப்போம். விசாரணையை மீண்டும் திறக்கட்டும். எங்கே கூப்பிட்டாலும் போவேன். அந்த மேசையில் இம்முறை அவர் இருக்கமாட்டார். உத்தரவிட்டவன் நான்தான் என்று, எவரும் கேட்குமுன் சொல்வேன்.