புகார் மேசையின் முகம்

இல்லம்மா, நீங்க கத்துங்க. பரவால்ல. கத்தறதுக்குன்னுதான் படிக்கட்டுக்கு அடியில இந்த மேசையப் போட்டு வெச்சிருக்காங்க. மேல மூணு மாடியிலயும் அவங்க விப்பாங்க, கீழ நான் வாங்கிக் கட்டிப்பேன். ஏன் நிறுத்திட்டீங்க?

ஓ. என் மொகம் இப்பிடிச் செவந்து கெடக்கேன்னா. பயப்படாதீங்க. பிரஷர் இல்ல, கோபமும் இல்ல. தண்ணி எனக்கு வேணாம், நீங்க குடிங்க. எல்லாரும் இப்பிடித்தான். படியில எறங்கும்போது புலியா எறங்குவாங்க. என் கன்னத்தப் பாத்ததும், சார் நீங்க டென்ஷனாகாதீங்கன்னு எனக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போவாங்க. நேத்து ஒருத்தர், வாங்கின மறுநாளே கால் ஒடிஞ்ச கட்டிலுக்காக வந்தாரு. எனக்காக இந்த மனுஷன் இப்பிடிக் கொதிக்கிறாரேன்னு அவருக்குக் கண்ணே கலங்கிருச்சு. நான் மத்தியானச் சாப்பாட்டப் பத்தி யோசிச்சிட்டிருந்தேன்.

இந்த நாற்காலி எனக்குக் கெடச்சதே மொகத்தாலதான். அதுக்கு முன்னாடி குடோன்ல பிரிட்ஜ் தூக்கிட்டிருந்தேன். போன மாசம் நான் லீவு போட்டப்ப இங்க ஒருத்தர உக்கார வெச்சாங்க. டை கட்டினவரு. பயிற்சியெல்லாம் எடுத்தவரு, எதுக்கும் சிரிப்பாரு. ஷாக் அடிச்ச அயர்ன் பாக்ஸோட வந்த அம்மாவப் பாத்தும் சிரிச்சிருக்காரு. அந்தம்மா அத அவரு மடியிலயே வெச்சுட்டுப் போயிட்டாங்க. நான் திரும்பி வந்த அன்னிக்கு மேனேஜர் என் கன்னத்தத்தான் எல்லாருக்கும் காட்டினாரு. சர்வீஸ்னா இதான்னாரு. மொகம் தெளிஞ்சா மறுபடி குடோன்தாம்மா. என் இடுப்பு இனிமே ஒரு தலகாணிகூடத் தூக்காது.

சரி, அந்த க்ரீம் டப்பாவக் காட்டுங்க. ம். இதத் தடவித்தான் எரிஞ்சுதா. கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க. மூக்குக்கு ரெண்டு பக்கமும், கன்னத்து மேட்டுலயும். டாக்டர்ட்ட போனீங்களா? ரோசேசியா, மொகம் செவந்து எரியற வியாதின்னாரா? அப்ப நம்ம கட்சிதான். எனக்கும் அதே பேரத்தான் எழுதிக் குடுத்தாரு. ஆயுசுல ரோஷம்னு ஒண்ணு வந்ததில்ல எனக்கு, ரோசேசியா வந்துருச்சு.

பணம் திருப்பித் தரேன், அதுல பேச்சே இல்ல. ஆனா அத வாங்கிட்டு நேரா மேல போயி இதே மாதிரி இன்னொண்ணத் தூக்கிட்டு வருவீங்க, அதான் எனக்கு பயம். முன்னாடி என்ன போட்டிருக்கு, படிங்க. முற்றிலும் இயற்கையானது. பாம்பும் இயற்கைதாம்மா. பின்னாடி பொடி எழுத்தப் பாருங்க. எலுமிச்சை எண்ணெய், புதினா, ஆல்கஹால், வாசனை. நம்ம தோலுக்கு இது கொள்ளிக்கட்டையால தலையச் சொறிஞ்சுக்கற வேலை.

தடவினதும் குளுகுளுன்னு இருந்துதுல்ல? குளுகுளுன்னாலே சந்தேகப்படணும். சொல்லாம கொள்ளாம வந்து தேனாப் பேசற சொந்தக்காரன் மாதிரி, பின்னாடி ஏதோ இருக்கு.

நான் தடவாததா. மச்சினி வெள்ளரிக்கான்னு ஒண்ணு குடுத்தா. அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுல லைட்டே போடல, அப்பிடி ஜொலிச்சேன். மச்சான் ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு, உள்ள மணல் மணலா இருக்கும். நல்லாத் தேய்ங்க போயிடும்னாரு. அடிப்புடிச்ச பாத்திரமா இது? அவருக்கு நான் குடிக்கிறேன்னு சந்தேகம் வேற. வீட்டுக்கு வந்தா வாங்கன்னு சொல்றதுக்குள்ள பீரோவுக்குப் பின்னாடி எட்டிப் பாப்பாரு.

கடைசியில அமஞ்சது எதுன்னா, ரெண்டாவது மாடி, கோடி அலமாரி, அடித்தட்டு. குனிஞ்சாத்தான் கண்ணுல படும். வெள்ளை டப்பா. பூ இல்ல, பழம் இல்ல, கன்னத்துல கை வெச்ச பொண்ணு இல்ல. வாசனை கெடையாது, கலர் கெடையாது, ஏழே நாள்லன்னு வாக்குறுதி கெடையாது. நல்ல மாப்பிள்ளை மாதிரி, இருக்கற எடமே தெரியாது. கிளிசரினும் செராமைடும்தான் உள்ள. செராமைடுன்னா, தோல்ல இருக்கற ஓட்டை ஒடசல அடைக்கிற சாமான், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வாங்கினதும் மொகத்துக்குப் போயிடாதீங்க. காதுக்குப் பின்னாடி பொட்டளவு வெச்சு நாலஞ்சு நாள் பாருங்க. சண்டை போடலன்னா அப்புறம் மொகம். கழுவின ஈரம் முழுசாக் காயறதுக்கு முன்னாடி, தேய்க்காம ஒத்தி ஒத்தி. வெயில்ல போறப்ப மேல ஒரு சன்ஸ்கிரீன், அதுவும் வாசனை இல்லாததா. டீய ஆத்திக் குடிங்க, சூடு பட்டா நம்ம மொகம் செவந்துரும்.

என்ன சிரிக்கிறீங்க?

ம். கேக்க வேண்டிய கேள்விதான். அவ்வளவு நல்ல க்ரீம்னா உங்க மொகம் ஏன் சார் இப்பிடி இருக்குன்னு. வழுக்கைத் தலையன் சீப்பு வித்த மாதிரிதான் இருக்கும்.

இருங்கம்மா, எங்க எந்திரிக்கிறீங்க. எதத் தடவினாலும் இவ்வளவுதான்னா? அதுக்காக இதையே தடவிக்கப் போறீங்களா? மொதல்ல அந்த டப்பாவ இங்க வைங்க. எரிஞ்சு எரிஞ்சு தூங்காம கெடந்தவன் சொல்றேன். உக்காருங்க.

மேல மேனேஜர் நிக்கிறாரா, கொஞ்சம் எட்டிப் பாத்துச் சொல்லுங்க. இல்லியா? சரி.

இந்தக் கன்னத்தப் பாருங்க. கைக்குட்டையால ஒரே ஒரு ஒத்து. இன்னொண்ணு. இப்ப பாருங்க.

தெரியுதா? அதான் நெஜத் தோல். தெளிஞ்சு ரொம்ப நாளாச்சும்மா. இது எங்க வீட்டம்மாவோட லிப்ஸ்டிக். நல்லாத் தெளிஞ்சுட்டிருக்குன்னு அவ சந்தோஷப்பட்ட அன்னிக்கே, வேலைக்கு என்ன பண்ணப் போறீங்கன்னும் கேட்டா. எரியாத லிப்ஸ்டிக் ஒண்ணு தேடறதுக்கு க்ரீம் தேடினதவிட அலைஞ்சா பாவம். காலையில பஸ்ஸுக்கு முன்னாடி அவளே போட்டு விடுவா. ஒரு நாள் அவசரத்துல கை கொஞ்சம் அதிகமாயிருச்சு. அன்னிக்கு ரிமோட் வேலை செய்யலன்னு வந்தவரு ஆம்புலன்ஸக் கூப்புட்டுட்டாரு. ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டேதான் அவருக்கு வேற ரிமோட் குடுக்கச் சொன்னேன்.

யாருக்கும் தெரியாது. மச்சானுக்குக்கூட. வீட்டு வாசல்லயே தொடைச்சுட்டுத்தான் உள்ள போவேன். நான் குடிய விட்டுட்டேன்னு அவருக்கு ரொம்பப் பெருமை, ஊரெல்லாம் சொல்லிட்டிருக்காரு.

நீங்க சொல்ல மாட்டீங்கன்னு தெரியும். அதுக்காகச் சொல்லல. அந்த அடித்தட்டு வரைக்கும் நீங்க குனியணும், அதுக்காகச் சொன்னேன். ரெண்டாவது மாடி. மறந்துடாதீங்க.

படியில சத்தம் கேக்குதா? மிக்ஸியோட ஒருத்தர் வராரு. மூடிய மட்டும் ஒரு கையில தனியா வெச்சிருக்காரு, பெரிய சண்டைதான். இருங்க, இழுப்பறைக்குள்ள இன்னொரு லிப்ஸ்டிக் எங்கயோ, ம், இருக்கு. நீங்க எந்திரிக்காதீங்க, மறைவா இருக்கட்டும். இந்தக் கண்ணாடியக் கொஞ்சம் புடிங்க. இல்ல, இன்னும் மேல.

ம். அப்பிடியே.