பாக்கலாமா அண்ணா

ரயிலில் ஜன்னலோர சீட் கிடைக்காவிட்டால் அன்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். அவ்வளவு சின்ன ஆள் நான், மேடம். விசாரணைக் குழு இதை முதலில் குறித்துக்கொள்வது நல்லது.

கோலார் தங்கவயலிலிருந்து தினமும் பெங்களூரு வருகிறேன். தாத்தா பூமிக்குள் இறங்கிப் பாறையை உடைத்தார். பேரன் நான் லேபில் உட்கார்ந்து ஒரு சொட்டுத் தண்ணீரில் துகள் பிடிக்கிறேன். லேசர் ஒளியைக் குவித்தால், மிதக்கும் துகள் அதன் நடுவில் வந்து மாட்டிக்கொள்ளும். பதினாறு வருஷமாக அதை அமைத்துக் கொடுப்பவன் இந்தப் பால்ராஜ். ஒரே ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையில் என் பெயர் வந்தது, கடைசி வரியில், நன்றிகளோடு. அதையும் ஃப்ரேம் போட்டு வீட்டில் மாட்டினேன்.

எங்கள் லேசர் கண்ணுக்குத் தெரியாது. வலிக்காமலே விழியைச் சுட்டுவிடும். தடுப்பதற்கு மைக்ராஸ்கோப்பில் ஒரு ஃபில்டர் உண்டு. அதனால் கண் வைக்கும் முன் எல்லோரும் "பாக்கலாமா அண்ணா?" என்று கேட்பது லேபின் வழக்கம். நான் ஃபில்டரைச் சரிபார்த்து, "பாரும்மா" என்பேன். டைரக்டர்கூடக் கேட்டுவிட்டுத்தான் பார்த்தார். என் ராஜ்ஜியம் அவ்வளவுதான்.

எங்கள் லேபின் ஆராய்ச்சி மாணவி பார்கவி நல்ல பெண். டிபன் பாக்ஸில் எனக்கும் சேர்த்து சித்ரான்னம் கொண்டுவருவாள். அவள்தான் மைக்ராஸ்கோப்பில் கேமரா பொருத்தினாள்.

"இனிமே ஸ்க்ரீன்லயே பாத்துக்கலாம்ணா. உங்களுக்கும் தொந்தரவு இல்ல."

எனக்கு வயிறு எரிந்தது. கேமரா கருகித் தொலையட்டும் என்றுதான் அன்று சாயங்காலம் ஃபில்டரைக் கழற்றினேன். ஆனால் மறுநாள் காலை அவள் கேமராவை ஆன் செய்யவில்லை.

"கடைசியா ஒரு தடவ கண்ணாலயே பாத்துடறேன். பாக்கலாமாண்ணா?"

ஃபில்டர் என் சட்டைப் பையில் இருந்தது. யோசிக்க நேரமும் இருந்தது. அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மடித்து வைத்தாள்.

"பாரும்மா" என்றேன்.

வலது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரி போகும் வரை ஆட்டோவில் அவள் என் கையை விடவே இல்லை. நான் அழுதேன், நிஜமாகவே. சாயங்காலம் திரும்பி வந்து, ஃபில்டரை அவள் மேஜையில் வைத்தேன்.

அதை வைத்து அவளே உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள்: 'நான்தான் கழற்றி மறந்திருக்கவேண்டும். தவறு என்னுடையது. அண்ணன் மேல் எதுவும் இல்லை.' நேற்று நீங்கள் வாசித்துக் காட்டியதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இந்த லேபில் நான் தனியாகச் செய்த வேலை இது ஒன்றுதான். இதிலும் அவள் பெயரா?

உண்மை வெளியே வரவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை, மேடம். அறிக்கையைத் திருத்தும்போது என் பெயரை முதலில் போடுங்கள்.