பின்காற்றில் தொண்ணூற்றெட்டு கிலோ

என் பல் பிரஷ்ஷுக்குக் கைப்பிடி கிடையாது. அறுத்து எறிந்துவிட்டேன். பந்தயப் படகில் ஏறுகிற எவனும் அதைத்தான் செய்வான். செய்யாதவன் சுற்றுலாவுக்கு வந்தவன். சட்டைக் காலரில் தைத்திருக்கும் அளவுத் துணியைக் கிழிப்போம். தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருக்கும் தாளை உரிப்போம். பந்தயத்தன்று காலையில் எவன் கழிவறைக்குப் போனான், எவன் போகவில்லை என்பதுகூட எங்களுக்குப் பொது விஷயம். எடை என்றால் அப்படி. அதனால் நான் சொல்வதைக் கேட்டு இப்போதே முகத்தைச் சுளிக்காதீர்கள் சார். எழுதிக்கொண்டே வாருங்கள், நியாயம் உங்களுக்கே தெரியும்.

நான் தொழிலுக்கு வந்ததே எடையாகத்தான். அப்பா துறைமுகத்தில் சிமெண்டு மூட்டை இறக்கினார். அண்ணன் இறக்கினான். மீசை முளைத்ததும் நானும் இறக்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துத் துறையில் பணக்காரர்கள் பாய்மரப் படகுப் பந்தயம் விடுவார்கள். காற்று பக்கவாட்டில் அடித்தால் படகு சாயும். சாயாமலிருக்க எதிர் விளிம்பில் கனமான ஆட்கள் நாலு பேர் உட்கார வேண்டும். மணல் மூட்டையை வைத்தாலும் வேலை நடக்கும்தான், ஆனால் மணல் மூட்டைக்கு எழுந்து இடம் மாறி உட்காரத் தெரியாது. அதற்காக எங்களைக் கூலிக்கு எடுத்தார்கள். எங்கள் எல்லாருக்கும் ஒரே பெயர். “டேய் மூட்ட, இந்தப் பக்கம் வா. டேய் மூட்ட, காலத் தூக்கு.”

அந்தப் பந்தயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கடைசித் திருப்பம் முடிந்தால் காற்று பின்னாலிருந்து வரும். பின்காற்றில் படகு சாயாது. அதற்குமேல் மூட்டைகள் வெறும் தண்டச்சோறு. “குதிங்கடா” என்பார்கள். குதிப்போம். பின்னால் ஒரு துடுப்புப் படகு வந்து எங்களைப் பொறுக்கிக்கொள்ளும். ஒருநாள் துடுப்புப் படகுக்காரர் மூக்குமுட்டக் குடித்துவிட்டுக் கரையிலேயே சாய்ந்துவிட்டார். நான் நீந்திக் கரையேறியபோது கோப்பை கொடுத்து, படமெடுத்து, சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். “ஜெயிச்சிட்டோம்டா மூட்ட” என்று படகின் சொந்தக்காரர் ஒரு துண்டைத் தூக்கிப் போட்டார். யாரும் போலீசைக் கூப்பிடவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால்தானே பொன்குடம்.

மூட்டையிலிருந்து கயிறு இழுப்பவனானேன். பிறகு படகின் முனையில் நின்று பாய் மாற்றுபவன். ஒரு முழங்காலும் இரண்டு விரல் நகங்களும் போன பிறகு சுக்கான் கைக்கு வந்தது. எங்கள் தொழிலில் சுக்கான் பிடிப்பவன்தான் ஆள். மற்றவனெல்லாம் அவனுக்கு முளைத்த கை கால். கடந்த ஒன்பது சீசனும் ஒரே முதலாளியின் படகு. குளியல் தொட்டி விற்றுக் கோடீஸ்வரரானவர். நீச்சல் தெரியாது. மனிதர் கிளப் மாடியில் நின்று பைனாகுலரில் பார்ப்பார். ஜெயித்தால் ‘நாம’ என்பார், தோற்றால் ‘நீங்க’ என்பார்.

இப்போது என் மனைவியின் தம்பி. நீங்கள் கேட்க வந்தது அவனைப் பற்றித்தானே.

லாரி ஓட்டிக்கொண்டிருந்தான், வேலை போனது, எங்கள் வீட்டுக்கு வந்தான். மனைவிதான் சொன்னாள். “உங்க படகுல அவனுக்கு ஒரு எடம் பாத்துக் குடுங்களேன். தின்னுட்டுத் தின்னுட்டு சோபாவ உடைக்கிறான்.” நானே கூட்டிப் போனேன். தொண்ணூற்றெட்டு கிலோ. விளிம்பில் உட்கார வைக்க அருமையான சரக்கு. முதல் நாளே, “மாமா, இதுல கேன்டீன் எந்தப் பக்கம்?” என்று கேட்டான். படகே சிரித்தது. குண்டு என்று பெயர் வைத்தார்கள்; கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்த்தான். எனக்கு அவனைப் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் சீசனில் ஒருநாள் எனக்குக் காய்ச்சல். பயிற்சிதானே என்று சுக்கானை அவன் கையில் கொடுத்தேன். நான் பிடித்தால் முழங்கைவரை நரம்பு புடைக்கும். அவன் ஒரு கையில் ரொட்டியை வைத்துக் கடித்துக்கொண்டு, இன்னொரு கையின் இரண்டு விரலால் பிடித்தான். நான் வழக்கமாக எடுக்கும் நேரத்துக்கு வெகு முன்னாலேயே கரைக்கு வந்துவிட்டோம். அன்று காற்று நன்றாக இருந்தது. அவ்வளவுதான்.

இந்த வருடப் பெரிய பந்தயத்துக்கு முந்தின நாள் எல்லோரையும் தராசில் ஏற்றினார்கள். படகில் போகிறவர்களின் மொத்த எடைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. கொஞ்சம் கூடியிருந்தோம். பையன்கள் பட்டினி கிடந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு ஓடி வியர்த்துக்கொண்டிருந்தார்கள். குண்டு கிளப் வாசலில் முட்டை தின்றுகொண்டிருந்தான். நான் முதலாளியிடம் போய், இந்த ஒரு பந்தயத்துக்கு அவனை இறக்கிவிடலாம் என்றேன்.

“அவன் இருக்கட்டும். நீங்க வேணா எறங்கிக்குங்க” என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு தோளில் கை போட்டார். முதலாளி தோளில் கை போட்டால் நமக்கு ஏதோ போகப்போகிறது என்று அர்த்தம்.

“அடுத்த சீசன்ல சுக்கான அவன்கிட்டக் குடுத்துடலாம்னு இருக்கேன். நீங்க கரையில உக்காந்து நாலு பேருக்குச் சொல்லிக் குடுங்க. முழங்காலும் சரியில்லல்ல.”

குண்டு பின்னாலேயே ஓடி வந்தான். வாயில் இன்னும் முட்டை. “மாமா, சத்தியமா நான் கேக்கல. நீங்க வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நான் மாட்டேன்னுடறேன்.”

“போடா லூசு, எடுத்துக்க” என்று முதுகில் தட்டினேன். எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இதை ஒரு காரணமாக எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். நான் சொல்லாவிட்டால் என் மனைவி வந்து சொல்வாள் என்பதால் சொன்னேன்.

சாயங்காலத்துக்குள் பையன்கள் வியர்த்தே வரம்புக்குள் வந்துவிட்டார்கள். மறுநாள் காலை படகிலிருந்து தேவையில்லாத கனத்தையெல்லாம் இறக்கினேன். அது ஒவ்வொரு பந்தயத்துக்கும் நான் செய்யும் வேலை. ஒரு டப்பா, ஒரு உபரிக் கயிறு, ஒரு பெரிய லைஃப் ஜாக்கெட். குண்டின் சுற்றளவுக்கு அந்த ஒன்றுதான் பொருந்தும். மற்றது எதுவும் அவனுக்குப் பூட்டாது. “மாமா, என்னோடது எங்க?” என்று கேட்டான். “ஒன்னையே தூக்கிட்டுப் போறோம், அது வேறயா?” என்றேன். எல்லோரையும்விட அவன்தான் அதிகம் சிரித்தான்.

கடைசித் திருப்பம் வரை இரண்டாவதாக வந்தோம். பிறகு பின்காற்று, நல்ல மழை. மற்றவர்கள் எல்லாம் முன்பக்கம், பலூன் மாதிரி உப்புகிற பெரிய பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாய் அவர்களுக்கு எங்களையும் மறைத்தது. பின்பக்கம் நானும் அவனும். தண்ணீருக்குள் இருக்கும் சுக்கான் பலகையில் கடற்பாசி சிக்கிப் படகை இழுத்தது. யாராவது குப்புறத் தொங்கிக் கையால் எடுக்க வேண்டும். அவனிடம் சொன்னேன். படுத்தான்.

“பெல்ட்டக் கெட்டியாப் புடிச்சுக்குங்க மாமா. நான் போயிட்டா அக்கா உங்களுக்குச் சோறு போட மாட்டா.”

பிடித்துக்கொண்டேன். பாசியைச் சுத்தமாக எடுத்தான். வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. “ஆச்சு மாமா, தூக்குங்க” என்றான்.

விரலைத் திறந்தேன். நான் தள்ளவில்லை. தள்ளினேன் என்று எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன்.

தலை மேலே வந்ததும் சிரித்தான். என் கை வழுக்கிவிட்டது என்று நினைத்திருப்பான். ஆள் விழுந்தால் சுக்கான் பிடிப்பவன் கத்த வேண்டும், படகு உடனே திரும்ப வேண்டும். அது அவனுக்குத் தெரியும். கையை உயர்த்திக் காட்டிக்கொண்டு காத்திருந்தான். நான் கத்தவில்லை என்பது புரிந்ததும் சிரிப்பை நிறுத்தினான். “மாமா” என்று இரண்டு தரம் கேட்டது. அதற்குமேல் பாய் அடிக்கிற சத்தம். நான் முன்னால் திரும்பிக்கொண்டேன். சுக்கான் பிடிப்பவன் முன்னால்தான் பார்க்க வேண்டும்.

படகின் பின்பக்கம் விரற்கடை அளவு மேலே எழும்பியது. என் தொழிலில் அப்படி ஓர் ஓட்டம் பார்த்ததில்லை. முன்னால் போன படகைத் தாண்டும்போது பாய்க்கு அப்பாலிருந்து ஒருவன், “குண்டு எங்க?” என்று கத்தினான்.

“கீழ. வயித்தால போவுது.”

“போகட்டும், கிலோ கொறையும்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஜெயித்தோம். அதன் பிறகுதான் அவனைக் கூப்பிடப் படகின் கீழ் அறைக்கு இறங்கினார்கள். மறுநாள் மீன்பிடிக்கப் போனவர்கள் உடலைக் கொண்டுவந்தார்கள்.

இந்தப் பெரிய பந்தயத்தின் விதியை உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. கிளம்பியவர்களில் ஒருவன் தண்ணீரில் விழுந்தால் அவனை ஏற்றிக்கொண்ட பிறகே தொடர வேண்டும். விட்டுவிட்டு வந்தால் ஜெயித்தது செல்லாது. உண்மைதான். கோப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இது உனக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியாமல் என்ன. புதிதாக வருகிறவர்களுக்கு நான்தானே சொல்லிக்கொடுக்கிறேன். அவனுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அப்புறம் எப்படி எடைக்காக விட்டேன் என்கிறாய் என்று நீங்கள் மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள். எடைக்காகத்தான் சார். வேறென்ன இருக்கிறது.

நேற்று என் மனைவி வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, “அந்தச் சுக்கானுக்கா?” என்று மட்டும் கேட்டாள். பாவம், அவளுக்குக் காற்றும் தெரியாது, எடையும் தெரியாது.

சரி, நேராகவே எழுதுங்கள். நான்தான் விட்டேன். அவன் ஜாக்கெட்டைக் காலையிலேயே இறக்கி வைத்ததும் நான்தான். தெரிந்தேதான் விட்டேன், திரும்பிப் போய் எடுக்க நேரமிருந்தும் போகவில்லை. காட்டுங்கள், எங்கே கையெழுத்து. கொஞ்சம் சீக்கிரம் முடித்துக்கொடுத்தால் உபகாரமாக இருக்கும் சார். அடுத்த சீசனுக்கு ஆள் எடுக்கத் தொடங்கியிருப்பார்கள்; சுக்கான் பிடிக்க முதலாளிக்கு இப்போது என்னை விட்டால் ஆள் இல்லை.