மீன் எண்ணெய்

எனக்குத் தேநீர் ஆறித்தான் இறங்கும். கெண்டி சீறுகிற சத்தம் கேட்டால் முற்றத்துக்குப் போய்விடுவேன். என் தங்கை ஹெஸ்டர் முகம் சுளிக்காமல் ஆற்றிக் கொண்டுவந்து கொடுப்பாள். புருஷன் போனதிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள்.

நீங்கள் அந்தப் பிடியைப் பற்றிக் கேட்கிறீர்கள். டர்ஹாம் நிலக்கரிச் சுரங்கங்களில் ஆட்களை இறக்கும் கூண்டின் கயிறு அறுந்தால், அது இருபுற மரச்சட்டங்களையும் இரும்புப் பற்களால் கவ்விக் கூண்டை விழாமல் நிறுத்தும். நான் கண்டுபிடித்தது. காப்புரிமை கேட்டுப் போனேன். பதினான்கு வருடம் உன்னைத் தவிர யாரும் செய்யக் கூடாது, பதிலுக்குச் செய்கிற விதத்தை ஒளிக்காமல் எழுதிக் கொடு என்றார்கள். நான் சொல்லச் சொல்ல வக்கீல் எழுதினார். ஒன்றைத் தவிர எல்லாம் சொன்னேன். சிவக்கக் காய்ச்சிய பற்களை நான் மீன் எண்ணெயில் முக்குவேன். தண்ணீர் என்று எழுதச் சொன்னேன். தண்ணீரில் முக்கினால் கெண்டி மாதிரிச் சீறும், பல் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். பாரம் விழுந்தால் உடையும். கோட்டுப் போட்டவர்களிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட முடியுமா?

வருடங்கள் முடிந்தன. இனி யாரும் செய்யலாம். ஹெஸ்டரின் புருஷன் சைலஸ் அந்தக் காகிதத்தைப் பார்த்துச் செய்தான். பீர்க்கடையில் என்னைப் பிடித்தான்.

“மச்சான், நெசமாவே தண்ணியிலதான் முக்குனியா? என் கைக்கு என்னமோ ஒப்பல.”

“சத்தியம் பண்ணிக் குடுத்த காகிதம்டா அது.”

“கோவிச்சுக்காத. ஒன்னை நம்பாம யாரை நம்பப் போறேன்? இன்னிக்காவது நீ வாங்கு, கெழட்டுக் கஞ்சப்பயலே.”

வாங்கிக் கொடுத்தேன்.

பிடியைச் செய்தவனே கூண்டில் நிற்க வேண்டும், மேலே கயிற்றை வெட்டுவார்கள். அது எங்கள் வழக்கம். நானும் ஒரு காலத்தில் நின்றவன்தான். சைலஸ் நின்ற அன்று, முதலில் கண்டுபிடித்தவன் என்ற மரியாதைக்குக் கோடரியை என் கையில் கொடுத்தார்கள்.

கூண்டுக்குள்ளிருந்து சிரித்தான். “கடைசியாக் கேக்குறேன் மச்சான். தண்ணிதானே?”

எண்ணெய் என்றிருந்தால், சட்டத்தை ஏமாற்றியவன் என்று அத்தனை பேர் முன்னால் என் பெயர் கெட்டிருக்கும். நியாயமாக யோசித்துப் பாருங்கள்.

“தண்ணிதான்” என்றேன். வெட்டினேன்.

பற்கள் கவ்வின. ஒரு மூச்சு நேரம் கூண்டு நின்றது. அவன் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். பிறகு ஒவ்வொன்றாக உடைந்தன, வாதுமைக் கொட்டை உடைகிற மாதிரி. அவன் கீழே போய்ச் சேர்ந்த சத்தம் மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

கடைசியாக என்ன சொன்னார் என்று ஹெஸ்டர் கேட்டாள். உன் பெயரைச் சொன்னான் என்றேன்.

என் ஆயுளில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.