திரைகிழிச்சா சாவடி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால, மேக்கு மலையடிவாரத்துல சிறுவாலங்கோட்டைன்னு ஒரு சமீன் இருந்துச்சாம். அந்தச் சமீன்தாருக்கு வாக்கப்பட்டவ பேரு வெள்ளத்துரைச்சி நாச்சியார்.

ராணிதான். ஆனா ஊர்ல ஒரு ஆம்பளை அவ முகத்தைப் பாத்ததில்லை. அரண்மனைப் பொம்பளைக அன்னிய ஆம்பளை கண்ணுல படக்கூடாதுன்னு அப்ப கட்டுப்பாடு. கோயிலுக்குப் போனாலும் மூடுபல்லக்கு, ஊரு கூடி வழக்குக் கேக்குற சாவடிக்கு வந்தாலும் திரைக்குப் பின்னாலதான்.

அவ பகையாளி சமீன் பொண்ணு, கேட்டுக்கிடுங்க. எல்லைத் தகராறுல ரெண்டு பக்கமும் தலை விழுந்த பகை. அதையும் மீறி சமீன்தார் மலைக்கோயில்ல வச்சு அவளுக்குத் தாலி கட்டிக் கூட்டியாந்துட்டாரு. கூட இருந்தது பூசாரி ஒருத்தன்தான். அவனும் மறுவருசமே செத்துப்போனான்.

மாமியா பெரிய நாச்சியார் அவ கையால ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிச்சதில்லையாம். கொழுந்தன் மருதப்பத்துரை ஒருநாள்கூட மதினின்னு கூப்பிட்டதில்லையாம். "ஏ பொம்பளை"ன்னுதான் கூப்பிடுவானாம். அவளும் லேசுப்பட்டவ இல்லை. ஒரு பேச்சுக்கு ரெண்டு பேச்சாத் திருப்பிக் குடுப்பா.

ஆம்பளைப் பிள்ளை ஒண்ணு பொறந்துச்சு. பிள்ளைக்கு ஆறு மாசம் ஆகையில சமீன்தாரு வாதம் வந்து விழுந்தாரு. நாக்கு இழுத்துக்கிடுச்சு. பேச்சு இல்லை, கை அசையலை. அடுத்த பட்டம் யாருக்குன்னு எழுதிட்டுப் போக வெள்ளைக்காரத் துரை வரப்போறாருன்னு சேதி வந்துச்சு.

பிள்ளை முறையாப் பொறக்கலைன்னு காட்டிட்டா பட்டம் தனக்குத்தான்னு மருதப்பத்துரை நேரா ரெங்கராசுகிட்ட போனான். ரெங்கராசு மதுரைப் பக்கத்துச் சித்திரக்காரர். சமீன்தாரு நல்லா இருக்கும்போதே ராணியைப் படம் எழுதணும்னு அவரை வரவழைச்சிருந்தாரு. நேருக்கு நேரா பாக்கக்கூடாதில்லையா? திரைக்குள்ள அவ உக்காந்திருப்பா. எதுக்க ஒரு நிலைக்கண்ணாடி. கண்ணாடியில தெரியிற உருவத்தைப் பாத்து, ஆறு நாளா முகத்தை மட்டும் எழுதியிருந்தாராம், மத்தது பாக்கி.

அந்தக் காலத்துப் படத்துல ஒரு வழக்கம் உண்டாம். கட்டின பொண்டாட்டின்னா உக்காந்திருப்பா, கழுத்துல தாலி துலங்கும். சேத்துக்கிட்டவன்னா நின்னுக்கிட்டு இருப்பா, கையில கிளி இருக்கும், கழுத்துல தாலி இருக்காது. படத்தைப் பாத்ததுமே இவ யாருன்னு ஊருக்குத் தெரிஞ்சுபோகும்.

"நிக்க வச்சு எழுதும். தாலி வேண்டாம்"னானாம் மருதப்பத்துரை.

"ஐயா, தாலியை நான் பாத்தேனே..."

"நீரு கண்ணாடியைத்தானய்யா பாத்தீரு. ஊருக்குத் திரும்பிப் போக ஆசை இருக்கா, இல்லையா?"

ரெங்கராசு தூரிகையை எடுத்தாராம்.

துரை வந்தாரு. சாவடியில ஊரே கூடியிருக்கு. ஒரு ஓரமாத் திரை கட்டி, உள்ள மாமியாளும் மருமகளும் பிள்ளையோட உக்காந்திருக்காக. மருதப்பத்துரை படத்து மேல கிடந்த பட்டுத்துணியை இழுத்தான்.

"தொரைகளே, இதுதான் எங்க அண்ணன் பிரியமா வச்சிருந்த பொம்பளை. அந்தப் பிள்ளை இவளுக்குப் பொறந்ததுதான்."

திரை இடுக்கு வழியா வெள்ளத்துரைச்சி பாத்தா. தன் முகம். தன் கண்ணு. கையில கிளி. கழுத்து வெறுங்கழுத்து.

வெளிய கூட்டம் குசுகுசுங்குது. "அட, வப்பாட்டிதானா!"

சத்தம் போட்டா யாரு கேப்பா? அவளை யாருமே பாத்ததில்லையே. இந்தப் படம் சொல்றதுதான் ஊருக்கு அவ. நாளைக்கு அவ செத்தாலும் படம் நிக்கும், அவ பிள்ளையைப் பாத்து ஊரு இதையேதான் சொல்லும். எந்திரிச்சா.

மாமியா கையைப் பிடிச்சா. "உக்காருடி. ஒரு அடி வெளிய வச்சே, இந்த அரண்மனையில உனக்கு எடம் இல்லை."

"எப்ப அத்தை இருந்துச்சு?"ன்னாளாம்.

பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு, ஒத்தைக் கையால திரையைப் பிடிச்சு இழுத்தா பாருங்க, மேல இருந்து கீழ வரைக்கும் பர்ர்ருனு கிழிஞ்சுச்சாம்.

வெளிய வந்தா. ராணியைப் பாத்தா பாவம்னு அத்தனை ஆம்பளையும் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

"தலையைத் தூக்குங்கய்யா! அங்க வெறுங்கழுத்தைப் பாத்தீங்கல்ல? இப்ப இதைப் பாருங்க!"

கழுத்துத் தாலியைச் சேலைக்கு வெளிய எடுத்துப் போட்டா. மருதப்பத்துரை வாளை உருவிட்டான். அவ அசையலை.

"வெட்டும், கொழுந்தனாரே. இத்தனை கண்ணு பாக்க வெட்டும். கட்டினவளைத்தான் வெட்டினீருன்னு ஊரு சொல்லும்."

கை ஓங்கினது ஓங்கினபடி நின்னுபோச்சாம்.

சித்திரக்காரர் பக்கம் திரும்பினா. "ரெங்கராசு, ஆறு நாள் பாத்தீரே. இது இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு தாயி... சின்னவரு வேண்டாம்னாரு."

"எழுதும்."

உச்சி வெயில். அவ நிக்கிறா, அவரு எழுதுறாரு. சரடு, தங்கம், குண்டுமணின்னு ஒண்ணு விடாம எழுதி முடிக்கிற வரைக்கும் அவ நகரலையாம். எழுதி முடிச்சதும் கூட்டத்தைப் பாத்துக் கேட்டா, "பாத்தீங்களா?"

"பாத்தோம் தாயி!"

அத்தனை சாட்சியைப் பாத்துட்டு, துரை பிள்ளை பேரைத்தான் பட்டத்துக்கு எழுதிட்டுப் போனாரு. ஆனா அவ அரண்மனை வாசலுக்குப் போனப்ப, பெரிய நாச்சியார் கதவைச் சாத்தித் தாழ் போட்டுட்டா. "கண்டவன் பாத்த முகத்துக்கு இங்க வழி இல்லை!"

வெள்ளத்துரைச்சி தட்டலை, அழலை. பிள்ளையோட சாவடிக்கே திரும்பி வந்துட்டா. அந்த மாசமே சமீன்தாரு செத்தாரு. அவளை முகம் பாக்க அரண்மனையில கூப்பிடலை. பாடையைச் சாவடி வழியாத்தான் கொண்டுபோகணும்னு ஊருசனம் மறிச்சு நின்னுச்சாம். அங்கதான் பாத்தா, அங்கதான் தாலி இறங்குச்சு.

பிள்ளை வளந்து பட்டம் கட்டினதும், "வாங்கம்மா, அரண்மனைக்குப் போவோம்"னு வந்து நின்னானாம்.

"அந்தக் கிழவி உசுரோட இருக்காளா?"

"இருக்காக."

"அப்ப நீ போ."

கிழவி செத்தப்பவும் போகலையாம். சாவடியிலேயே வழக்குக் கேட்டு, சாவடியிலேயே கண்ணை மூடினா.

படம் செல்லரிச்சுப் போச்சு. சாவடி இருக்கு. திரைகிழிச்சா சாவடின்னாதான் பஸ்ஸுல டிக்கெட்டே குடுப்பான். மருதப்பத்துரை வம்சத்தாளுக இன்னைக்கும் அது முன்னால நடக்க மாட்டாக, குளத்தைச் சுத்தித்தான் போவாக. அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வர்ற பொண்ணு, மாமியா வீட்டுப் படி ஏறுறதுக்கு முன்னால சாவடியில ஏறி நிப்பா. தலையில முக்காடு கிடையாது. தாலியை வெளிய எடுத்துப் போட்டு, "பாத்தீங்களா?"ம்பா.

கீழ நிக்கிற அத்தனை பேரும் சொல்லணும், "பாத்தோம் தாயி!"ன்னு. மாமியாதான் முதல்ல சொல்லணும்.